கருப்பட்டி ஸ்டவுட்டுக்கு ஏன் 28 மார்க்?

கேள்வி கேட்டவர் கடலூர் மஞ்சக்குப்பத்துத் தம்பி. இப்போது ஒஹையோவில் வேலை. மூன்று வருடமாக அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார். ஊரிலிருந்து கொண்டுபோன கருப்பட்டியைப் போட்டு ஒரு ஸ்டவுட் (கருக வறுத்த பார்லி போட்ட கறுப்புப் பீர்) செய்து, வீட்டில் காய்ச்சிய பீர்களுக்கான ஹோம்ப்ரூ போட்டி ஒன்றில் 'ஸ்வீட் ஸ்டவுட்', அதாவது இனிப்பு ஸ்டவுட் பிரிவில் கொடுத்திருக்கிறார். 50க்கு 28 வந்திருக்கிறது. "குடித்த நண்பர்கள் எல்லாரும் கடையில் வாங்கியதைவிட நன்றாக இருக்கிறது என்றார்கள். நடுவர்களுக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை? அடுத்த தடவை எதை மாற்றுவது? இரண்டு வருடத்தில் ஊரோடு வந்துவிடப் போகிறேன், புதுச்சேரியில் வீடு எடுத்தால் அங்கே காய்ச்சலாமா அக்கா?" இரண்டு நடுவர்களின் ஸ்கோர்ஷீட்டையும் ரெசிபியையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

தம்பி, நடுவர்களுக்கு உங்கள் பீர் பிடிக்காமல் போகவில்லை. ஒரு ஸ்கோர்ஷீட்டின் அடியில் என்ன எழுதியிருக்கிறது பாருங்கள்: சுத்தமான பீர், இன்னொரு கிளாஸ் தாராளமாகக் குடிப்பேன், ஆனால் இது ஸ்வீட் ஸ்டவுட் இல்லை. விஷயம் முழுக்க அந்தக் கடைசித் துண்டில்தான் இருக்கிறது.

மார்கழியில் நம் தெருக்களில் கோலப் போட்டி வைப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சிக்குக் கோலத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வாசலில் ஒரு மயிலைப் போட்டுக் கலர்ப் பொடி தூவினால், மயில் எத்தனை அழகாக இருந்தாலும் பரிசு வராது. நடுவர் புள்ளியை எண்ணுவார், இழை எங்கேயாவது அறுந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். அதே மயில் கலர்க் கோலத்தில் முதல் பரிசு வாங்கியிருக்கும். உங்கள் ஸ்டவுட்டுக்கு நடந்தது இதுதான்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டை. உணவு நுண்ணுயிரியல் படித்துவிட்டு அமெரிக்காவில் 14 வருடம் இருந்தேன். காய்ச்சக் கற்றுக்கொண்டது அங்கேதான். பிறகு பிஜேசிபி தேர்வு எழுதிப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தேன். பிஜேசிபி என்பது பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துத் தகுதி கொடுக்கும் அமைப்பு, 1985ல் தொடங்கியது. அங்கே நடக்கும் ஹோம்ப்ரூ போட்டிகளில் பெரும்பாலானவை அவர்களுடைய பாணி வழிகாட்டியை, அதாவது ஒவ்வொரு பீர் வகையும் எப்படி இருக்க வேண்டும் என்ற வர்ணனையை, வைத்துத்தான் நடக்கின்றன. உங்கள் ஸ்கோர்ஷீட்டிலும் அவர்களுடைய 2021 பதிப்பின் பிரிவு எண்தான் போட்டிருக்கிறது. ருசித் தேர்வில் 90 நிமிடத்துக்குள் 6 பீருக்கு முழு ஸ்கோர்ஷீட் நிரப்பிக் கொடுக்க வேண்டும். நாக்கு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் கையில் வார்த்தை இல்லாவிட்டால் அந்தத் தேர்வில் தேற முடியாது. அதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வரும்.

மேஜையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்குப் பாதிக் குழப்பம் தீரும். ஒரு மேஜைக்கு இரண்டு நடுவர்கள், சில சமயம் மூன்று பேர். ஸ்டூவர்ட் என்று ஒருவர் பாட்டிலைக் கொண்டுவந்து வைப்பார். பாட்டிலில் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, ஓர் எண் மட்டும். மூடியில் ஏதாவது அச்சடித்திருந்தால் கறுப்பு மையால் அழித்துவிடுவார்கள். நடுவர் கையில் உள்ள தாளில் பிரிவின் பெயரும், நீங்கள் எழுதிக் கொடுத்த விவரமும் மட்டும் இருக்கும். திறக்கும் முன் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன். கழுத்தின் உட்புறத்தில், பீரின் மட்டம் முடிகிற இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் ஒட்டியிருந்தால் கிருமி புகுந்திருக்கிறதோ என்று சந்தேகம் வரும். அதற்காக மார்க்கைக் குறைப்பதில்லை, மூக்கைத் தயாராக வைத்துக்கொள்வேன். மூடி திறக்கும் சத்தத்தையும் கவனிப்பேன். பிளாஸ்டிக் கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்றியதும் முதல் வேலை முகர்வதுதான். நிறம், நுரை எல்லாம் அப்புறம். சில வாசனைகள் ஒரு நிமிடத்தில் பறந்துவிடும், பிறகு எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. சின்னச் சின்னதாக மூன்று முறை இழுத்துவிட்டு உடனே எழுத ஆரம்பித்துவிடுவோம். அதற்குள் பக்கத்தில் இருப்பவரோடு பேசக்கூடாது. இருவரும் தனித்தனியாக மார்க் போட்டு முடித்த பிறகே வாயைத் திறப்போம். இரண்டு மார்க்குக்கும் நடுவில் 7க்கு மேல் இடைவெளி இருந்தால் பேசிச் சரிசெய்துகொண்டு, ஒத்துக்கொண்ட ஒரே மார்க்கை மேலே எழுதுவோம்.

50 மார்க் எப்படிப் பிரிகிறது என்றால், வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் நிற்கும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்றுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பீர் கண்ணாடி மாதிரி தெளிய வேண்டும் என்று வாரக்கணக்கில் ஃப்ரிட்ஜில் வைத்துக் காத்திருப்பார்கள். வாசனையும் சுவையும் சேர்ந்து 32. உழைப்பு அங்கே போக வேண்டும்.

இனி உங்கள் தாள். முதல் நடுவர் வாசனைக்கு 6, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 11, கனத்துக்கு 2, மொத்தத்துக்கு 5 போட்டு 27. இரண்டாமவர் 6, 2, 12, 3, 6 என்று 29. ஒத்துக்கொண்டது 28. ஸ்கோர்ஷீட்டில் இருக்கும் அளவுகோல்படி 21 முதல் 29 வரை 'நல்லது', 30 முதல் 37 வரை 'மிக நல்லது'. தொழில்நுட்பக் கோளாறு பெரிதாக இருந்திருந்தால் இருபதுக்குக் கீழே போயிருக்கும். நீங்கள் இரண்டே மார்க்கில் மேல் படியைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

முதல் நடுவர் வாசனையில் எழுதியதை நான் நாலு தடவை படித்தேன். 'லேசான புகை, உலோகத்தைப் போலவோ உப்பைப் போலவோ ஒன்று, எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை, இந்தப் பாணிக்குப் பொருந்தவில்லை.' தம்பி, அதுதான் உங்கள் கருப்பட்டி. விறகு அடுப்பில் பதநீரைச் சுண்டக் காய்ச்சும்போது ஏறும் புகை அது. அந்த உப்புச் சாயலும் கருப்பட்டியோடு வந்ததுதான். நீங்கள் எதற்காக இந்தப் பீரைக் காய்ச்சினீர்களோ, அதையே அந்த மனிதர் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்துக் குற்றப் பட்டியலில் எழுதியிருக்கிறார். ஏனென்றால் தாளில் கருப்பட்டி என்று ஒரு சொல் இல்லை. கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்தவர் மோந்தால் மனசு இளகும். குடிக்காதவருக்கு அது பெயர் தெரியாத ஒரு வாசனை. ஸ்வீட் ஸ்டவுட் என்று சொல்லிக் கொடுத்த கிளாஸில் பெயர் தெரியாத வாசனை வந்தால் நடுவர் அதைப் பிழை என்றுதான் எழுத முடியும்.

இரண்டாவது குறை, கனம் போதவில்லை, உலர்ந்து இருக்கிறது, அதாவது இனிப்பு மிஞ்சவில்லை என்பது. இதற்குக் காரணம் ரெசிபியிலேயே இருக்கிறது. கருப்பட்டி இனிப்புதானே, லாக்டோஸ் எதற்கு என்று விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இது எல்லாரும் முதலில் செய்யும் கணக்கு. கருப்பட்டி நாக்குக்குத்தான் இனிப்பு, ஈஸ்ட்டுக்கு அது சாப்பாடு. அதில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ், ஈஸ்ட் கிட்டத்தட்ட முழுவதையும் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடும். இனிப்பு போய்விடும், மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) போலப் பின்னால் கனமும் எதுவும் விட்டுவைக்காது. 19 லிட்டருக்கு 450 கிராம் போட்டிருக்கிறீர்கள், அதனால் தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்று காட்டும் எண்) சுமார் 8 புள்ளி கூடியிருக்கும், அவ்வளவும் கரைந்துபோயிருக்கும். மேஷை, அதாவது பொடித்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பதை, வேறு 65 டிகிரியில் வைத்திருக்கிறீர்கள். அந்தச் சூட்டில் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரைதான் அதிகம் உருவாகும். அடர்த்தி 1.056ல் தொடங்கி 1.009ல் முடிந்திருக்கிறது. ஸ்வீட் ஸ்டவுட் 1.012க்கும் 1.024க்கும் நடுவில் முடிய வேண்டும், ஆல்கஹால் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உங்களுடையது கணக்குப்படி 6.2. பாலில் இருக்கும் லாக்டோஸைப் பீர் ஈஸ்ட்டால் தின்ன முடியாது, அதனால் அது கடைசி வரை நின்று இனிப்பும் வழவழப்பும் கொடுக்கும். ஸ்வீட் ஸ்டவுட்டில் அதைச் சேர்ப்பது அதற்காகத்தான்.

இதே பீரை, ஒரு சொட்டு மாற்றாமல், வேறு பிரிவில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 31பி என்று ஒரு பிரிவு இருக்கிறது, வழக்கமில்லாத சர்க்கரை சேர்த்த பீர்களுக்கானது. எந்தச் சர்க்கரை என்று கட்டாயம் எழுத வேண்டும். அடிப்படைப் பீர் எப்படிப்பட்டது என்றும் சொல்ல வேண்டும். அங்கே வைத்தால் புகையும் உப்பும் பிழைப் பட்டியலிலிருந்து பாராட்டுப் பட்டியலுக்கு வந்துவிடும். உலர்ந்து முடிவதும் குறையாகாது, நீங்கள் அப்படித்தான் இருக்கும் என்று எழுதியிருந்தால். என் கணிப்பில் குறைந்தது 33, 34 வாங்கியிருக்கும். ராகி, கம்பு போட்டுக் காய்ச்சும் எண்ணம் இருந்தால் அதற்குப் பக்கத்திலேயே 31ஏ இருக்கிறது, மாற்றுத் தானியப் பீர்.

அந்த விவரக் குறிப்பை எழுதுவது தனிக் கலை. பெரும்பாலான புதியவர்கள் 'இந்தியப் பனைவெல்லம்' என்று இரண்டு சொல்லோடு விட்டுவிடுவார்கள். ஒஹையோவில் உட்கார்ந்திருக்கும் நடுவருக்கு அது எதையும் சொல்லாது. வேறு சிலர் பாட்டி வீட்டு முற்றம், பனங்காடு என்று கதை எழுதுவார்கள். கதையை முகர முடியாது. நடுவர் கிளாஸில் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய சொற்களை மட்டும் கொடுங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: 'பனஞ்சாற்றை விறகடுப்பில் காய்ச்சி எடுத்த, சுத்திகரிக்காத சர்க்கரை. லேசான புகை, டாஃபி, மெல்லிய தாது உப்பு. நடுத்தர பலமுள்ள ஸ்டவுட், உலர்ந்து முடியும்.' இதைப் படித்துவிட்டு மூக்கை வைத்தால், நீங்கள் எழுதியது நான்கும் இருக்கிறதா என்று நடுவர் ஒவ்வொன்றாகத் தேடுவார். இருந்தால் டிக், டிக், டிக்.

ஆனால் இல்லாததை எழுதக்கூடாது. அடுத்த பீரில் நன்னாரி, சுக்கு, ஏலக்காய் மூன்றும் போடப்போவதாகச் சொன்னீர்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் முதலாக நான் போட்டிக்குக் கொடுத்தது சுக்கு மல்லிக் காப்பியை மனதில் வைத்துச் செய்த ஒரு பிரவுன் ஏல். சுக்கு, மல்லி, ஏலக்காய் என்று மூன்றையும் எழுதினேன். ஏலக்காய் தூக்கலாகிவிடுமோ என்ற பயத்தில் அதில் நாலே நாலு காய் போட்டேன். 24 வந்தது. இரண்டு நடுவர்களும் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: சுக்கு தெரிகிறது, மற்ற இரண்டும் எங்கே? வெறும் சுக்கு என்று எழுதியிருந்தால் அந்த வரிக்கே இடமிருந்திருக்காது. எழுதிக் கொடுத்த ஒவ்வொரு பொருளும் நீங்கள் கொடுத்த வாக்கு. அதனால் நான் பிற்பாடு பழகியது, பாட்டிலில் அடைத்து இரண்டு வாரம் கழித்து ஒன்றைத் திறந்து ருசித்துவிட்டுத்தான் பிரிவையே முடிவு செய்வது. என்ன காய்ச்ச நினைத்தேன் என்பதை அன்றைக்கு மறந்துவிட வேண்டும். கிளாஸில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் எழுதிப் பார்த்து, அது எந்தப் பிரிவின் வர்ணனையோடு ஒட்டுகிறதோ அங்கே கொடுக்க வேண்டும். ஐபிஏ (கசப்பு தூக்கலான பீர் வகை) என்று நினைத்துக் காய்ச்சியது கசப்புக் குறைந்து பேல் ஏலாக வந்திருந்தால் அது பேல் ஏல்தான்.

உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு அதில்தான் ஆசை. டிராபிகல் ஸ்டவுட், 16சி. இலங்கையில் காய்ச்சும் லயன் ஸ்டவுட்டை அந்தப் பாணிக்கு எடுத்துக்காட்டாக வழிகாட்டியே சொல்கிறது. வெப்ப நாடுகளின் ஸ்டவுட் அது. இனிப்பு, பழ வாசனை, ரம்மைப் போன்ற ஒரு மணம், வெல்லப்பாகுச் சாயல், கரிந்த கசப்பு குறைவு. சர்க்கரை சேர்த்துப் பலத்தை ஏற்றுவது அந்தப் பாணிக்குள்ளேயே ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். தொடக்கம் 1.065க்குக் கொண்டுபோய், மேஷை 68 டிகிரியில் வைத்து, 1.015ல் முடித்தால் ஆல்கஹால் 6.6 சதவீதம் வரும், எல்லாம் வரம்புக்குள் நிற்கும். கருப்பட்டி 300 கிராம் போதும். இந்தப் பிரிவில் அது தன் பெயரைச் சொல்லாமல் பின்னணியில் நின்று வேலை செய்யும்.

கருப்பட்டியை எப்போது சேர்ப்பது என்பதிலும் ஒரு மாற்றம் செய்யுங்கள். கொதிக்கவிடும்போது கடைசி 15 நிமிடத்தில் போட்டிருக்கிறீர்கள். அப்போது போட்டால், நொதித்தல் மும்முரமாக இருக்கும் முதல் மூன்று நாளில் கிளம்பும் வாயுவோடு மணமும் வெளியே போய்விடும். நொதித்தல் அடங்க ஆரம்பித்த நாலாம் நாளில் சேர்த்தால் மணம் தங்கும். நேராக உடைத்துப் போட்டுவிடாதீர்கள். நம் வீட்டில் பாகு காய்ச்சுவது போலத்தான், கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, கொதிக்கவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கிண்ணத்தின் அடியில் மண்ணும் நாரும் படிவதைப் பார்ப்பீர்கள். ஆறிய பிறகு ஃபெர்மென்டரில் (பீர் நொதிக்கும் கலம்) சத்தம் வராமல் ஊற்ற வேண்டும். கருப்பட்டியும் நல்லதாக இருக்க வேண்டும். வெள்ளைச் சர்க்கரை கலந்து அச்சில் ஊற்றியது நிறைய விற்கிறது. உடைத்தால் உள்ளே சர்க்கரை போல மினுமினுத்து, வாயில் போட்டால் வெறும் இனிப்பு மட்டும் தெரிந்தால் அதைப் போட்டிக்கான பீரில் சேர்க்காதீர்கள்.

இரண்டாம் நடுவர் சுவையில் எழுதிய 'காகித அட்டை' என்ற சொல்லைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பீரில் ஆக்சிஜன் ஏறியதன் அடையாளம். அந்த வாசனை எனக்கு எப்படிப் பிடிபட்டது என்று சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது நான் விடுமுறையில் வீட்டில் இருந்தேன். மாடி அறையில் ஜன்னல் பெயர்ந்து மழை உள்ளே அடித்துவிட்டது. மூன்று நாள் கழித்து, அப்பாவின் பழைய கணக்குப் புத்தகங்கள் இருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தேன். ஈரம் பாதி காய்ந்த அட்டை, அதற்குள் மக்கத் தொடங்கிய காகிதம். மூக்கில் ஏறிய அந்த வாசனை இன்னும் போகவில்லை. அடுத்த வருடம் ஒரு போட்டியில் பழைய பேல் ஏல் ஒன்றை முகர்ந்தேன். கையில் கிளாஸ் இருக்க, மாடி அறை கண் முன்னால் வந்தது. நம் ஊர் மூக்கில் இந்த அகராதி முழுக்க ஏற்கெனவே இருக்கிறது. பொருத்திப் பார்க்கத்தான் பழக வேண்டும். சோளக்கதிர் வேகவைத்த தண்ணீரின் வாசனை வந்தால் அது டிஎம்எஸ், போதுமான அளவு கொதிக்கவிடாததால் வருவது. பாப்கார்ன் மேல் ஊற்றும் வெண்ணெய் வாசனை டயசெட்டில், ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன் குளிரவைத்ததால் நிற்பது. நறுக்கிய பச்சை ஆப்பிள் என்றால் அசெட்டால்டிஹைட், பீர் இன்னும் இளசு. மழையில் நனைந்த பேண்ட்-எய்டு போலப் பிளாஸ்டிக் வாசனை வந்தால் குழாய்த் தண்ணீரின் குளோரின் மேல் சந்தேகப்படுங்கள். வாழைப்பழமும் கிராம்பும் ஜெர்மன் கோதுமைப் பீரில் வந்தால் சிறப்பு, உங்கள் ஸ்டவுட்டில் வாழைப்பழம் வந்தால் நொதிக்கும்போது சூடு ஏறியிருக்கலாம், கிராம்பு வந்தால் வேற்று ஈஸ்ட் புகுந்திருக்கலாம்.

உங்கள் அட்டை வாசனைக்குக் காரணம் பாட்டிலில் அடைத்த விதம். ஃபெர்மென்டரின் குழாயைத் திறந்து பாட்டிலுக்குள் நேராக விழவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். விழும்போது நுரைத்து, காற்றைக் கலந்துகொள்ளும். அடிவரை எட்டும் குழாய் ஒன்றைச் செருகி, கீழிருந்து மேலாக நிரப்புங்கள். நுரை விளிம்புக்கு வந்ததும் அதன் மேலேயே மூடியை அழுத்துங்கள். நொதித்தல் தொடங்கும் முன் காற்று வேண்டும், தொடங்கிய பிறகு ஒரு துளியும் வேண்டாம். சர்க்கரையையும் பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் என்று போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் ஒரு பாட்டில் செத்துக் கிடக்க, இன்னொன்று பொங்குகிறது. லிட்டருக்கு 6 கிராம் என்று மொத்தமாக எடைபோட்டு, கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, சுத்தமான வாளியில் ஊற்றி, அதன் மேல் பீரை மெதுவாக இறக்கிக் கலந்துவிட்டு அடையுங்கள். 20 டிகிரியில் இரண்டு வாரம். ஸ்டவுட்டுக்கு அந்த அளவு வாயு சரியாக இருக்கும். அளவுக்கு மீறிச் சர்க்கரை போட்ட பாட்டில் வெடிக்கும், கண்ணாடிச் சில்லு சுவரில் குத்தி நிற்கும். இதில் உத்தேசக் கணக்கு வேண்டாம்.

பாட்டில் பழுப்பு நிறத்தில், மேலே எழுத்து புடைக்காததாக, 355 மில்லி அளவில் இருக்கட்டும். பச்சை, வெள்ளைக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பு தரும் பூ) கசப்புப் பொருள் உடைந்து நாற்றமடிக்கும். எத்தனை பாட்டில், எண் சீட்டை ரப்பர் பேண்டால் மாட்டுவதா ஒட்டுவதா என்பதை அந்தந்தப் போட்டியின் விதியில் பாருங்கள். தபாலில் அனுப்ப நினைக்காதீர்கள், அமெரிக்கத் தபால் துறை மதுவை எடுத்துக்கொள்ளாது. ஹோம்ப்ரூ சாமான் கடைகளில் ஒப்படைக்கும் இடம் வைத்திருப்பார்கள், நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதே நல்லது. காரில் வெயிலில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

இனி ஊருக்கு வருகிற கேள்வி. இதற்கு என் பதில் காய்ச்சக்கூடாது என்பதே. அமெரிக்காவில் 1978ல் சட்டம் வந்து 1979 பிப்ரவரியிலிருந்து மத்திய அரசு அளவில் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி இருக்கிறது. ஒருவருக்கு வருடம் 100 கேலன், அதாவது சுமார் 380 லிட்டர். விற்கக்கூடாது, போட்டிக்குக் கொண்டுபோகலாம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. இங்கே அப்படி ஒரு விலக்கு இல்லை. கடலூரில் 1937ம் வருடத்து மதுவிலக்குச் சட்டம், புதுச்சேரியில் 1970ம் வருடத்து ஆயத்தீர்வைச் சட்டம். இரண்டிலும் உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். வீட்டுக்கு மட்டும், ஐந்து லிட்டர்தான் என்ற சமாதானம் செல்லாது. ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் புதுச்சேரி பாட்டிலோடு மாட்டுகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து நீங்களும் பார்த்திருப்பீர்கள். லேபிள் இல்லாத பாட்டிலோடு அங்கே நிற்கும் நிலை உங்களுக்கு வரவே வேண்டாம்.

அம்மாவுக்குப் பயம் என்று எழுதியிருந்தீர்கள், 'வீட்டில் காய்ச்சுறான்' என்று கேட்டதும் அழுதுவிட்டார்கள் என்று. அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகள், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தது, இரண்டும் நம் வாசலுக்குப் பக்கத்தில். அவர்களைக் கொன்றது மெத்தனால், ஆலைகளில் பயன்படும் விஷம், சாராயம் என்று சொல்லி விற்கப்பட்டது. பார்லி மால்ட்டை ஈஸ்ட் போட்டு நொதிக்கவைக்கும்போது அப்படி ஆபத்தான அளவு மெத்தனால் உண்டாவதில்லை, நீங்கள் வடித்து இறக்குவதும் இல்லை. இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். ஃபோனில் வேண்டாம், வரும்போது நேரில்.

இங்கே வந்த பிறகு உங்கள் ஆர்வத்துக்கு வழியே இல்லை என்றில்லை. புதுச்சேரியில் உரிமம் பெற்ற மைக்ரோப்ரூவரி (சின்ன அளவில் பீர் காய்ச்சி விற்கும் இடம்) வந்துவிட்டது. காய்ச்சத் தெரிந்தவர்களுக்கும், அதைவிட மோந்து சொல்லத் தெரிந்தவர்களுக்கும் அப்படிப்பட்ட இடங்களில் வேலை இருக்கும். அதனால் மிச்சமிருக்கும் இரண்டு வருடத்தில் காய்ச்சுவதோடு நிற்காமல் பிஜேசிபி தேர்வையும் எழுதிவிடுங்கள். அதற்கு முன்னால் அடுத்த போட்டியில் ஸ்டூவர்டாகப் பெயர் கொடுங்கள், தகுதி எதுவும் கேட்கமாட்டார்கள். பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டே நடுவர்கள் பேசுவதைக் கேட்கலாம், மிச்சம் இருப்பதை ருசிக்கவும் விடுவார்கள். ஆறு மாதம் தனியாகக் காய்ச்சிக் கற்றுக்கொள்வதை அந்த ஒரு நாளில் கற்றுக்கொள்வீர்கள்.

பங்குனி, சித்திரையில் புதுக் கருப்பட்டி இறங்கும். அப்போது ஊருக்கு வந்தால் உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ வாங்கி வைக்கிறேன். போகும்போது விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்லிக் கொண்டுபோங்கள். அதில் ஒரு கிலோ டிராபிகல் ஸ்டவுட்டுக்கு, ஒரு கிலோ 31பிக்கு. இரண்டின் ஸ்கோர்ஷீட்டையும் எனக்கு அனுப்புங்கள்.